வில்லங்கம் இல்லாத நாடு

தென்காசியில் பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்து பத்திரம் எழுதுகிறவர்களில் விஜயசங்கரும் ஒருவர். கிழக்கே யார் வயல், மேற்கே எந்த ஓடை, வடக்கே எந்த வண்டிப்பாதை என்று எதிரே இருப்பவர் சொல்லச் சொல்ல, அவர் விரல்கள் கம்ப்யூட்டரில் தானாக ஓடும். எழுத்தில் பிழை இருக்காது, அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஆள் முழுசாக அங்கேதான் இருக்கிறார் என்று நம்பிவிடக் கூடாது. ராயகிரிக்காரர் ஒருவர் தன் கிணற்றுப் பங்கைப் பற்றி மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருப்பார். நம்முடைய ஆளோ, மீன்கள் வரி கட்டும் ஏதோ ஒரு தீவில் கரையேறிக்கொண்டிருப்பார்.

மாயக்கதைக் கிறுக்கு, வேறென்ன! அது பிடித்ததும் குற்றாலத்தில்தான். அவருடைய மாமா அங்கே ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்தார். சீசனுக்கு வந்து குளித்துவிட்டுப் போகிறவர்கள் அறையில் எதையெல்லாம் மறந்துவிட்டுப் போவார்கள் தெரியுமா? ஒற்றைச் செருப்பு, சோப்பு டப்பா, பல்செட்கூட ஒரு தடவை கிடந்ததாம். அவற்றோடு புத்தகமும் கிடக்கும். சாரல் ஈரத்தில் ஊறி உப்பிப்போன தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை மாமா கொண்டுவந்து கொடுத்தபோது விஜயசங்கர் ஒன்பதாம் வகுப்பு. டிராகன், சூனியக்காரி, பேசும் வாள் எல்லாம் இருந்த அந்தக் கதையில் கடைசி அத்தியாயத்தை மட்டும் காணவில்லை. பையன் அழுதேவிட்டான். பிறகு, கதைதான் முடியவில்லை, நாடாவது எங்கே முடிகிறது என்று பார்ப்போம் என்று ஒரு தாளை எடுத்து அந்த நாட்டுக்கு நான்கெல்லை எழுதினான். அப்பாவும் பத்திர எழுத்தர். அவனுக்குத் தெரிந்த மொழி அது.

அந்தத் தாள்தான் பெருகிப் பெருகிப் பின்னாளில் ஓர் இணையதளம் ஆனது. பெயர் ‘நான்கெல்லை’. பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தானே கற்றுக்கொண்டு கட்டியது. பச்சை நிறப் பின்னணி, மவுஸை நகர்த்தினால் பின்னாலேயே ஓடிவரும் நட்சத்திரம், அடியில் வருகையாளர் எண்ணிக்கை. பார்த்தால் கண் வலிக்கும். மாற்றுங்கள் என்று சொன்னால் அவருக்கு மனசு வலிக்கும். படித்த மாயக்கதைகளில் வரும் ஒவ்வொரு நாட்டுக்கும் அதில் ஒரு பக்கம் உண்டு. ‘கிழக்கே: சூரியனை விழுங்கும் மலை. மேற்கே: பேச்சு மறந்தவர்களின் காடு’ என்று அச்சு அசல் கிரயப் பத்திர நடையில் இருக்கும். அதற்கும் உலகம் முழுக்க ஆள் இருந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

தளம் தொடங்கிய புதிதில் விருந்தினர் பக்கத்தில் ஒரு குறிப்பு விழுந்தது. ‘எல்லை எல்லாம் சரி. இந்த நாட்டுக்குத் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? — யோகலட்சுமி, செங்கோட்டை.’ விஜயசங்கர் ஆடிப்போனார். புத்தகத்தை மறுபடி முழுக்கப் படித்தார். தண்ணீரைப் பற்றி அந்த எழுத்தாளர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றிலிருந்து எல்லாப் பக்கத்திலும் ‘நீராதாரம்’ என்று ஒரு வரி கூடியது. அவருடைய மனசில் ஓர் ஆளும் கூடியது.

யோகலட்சுமி, புனலூர்ப் பக்கம் ஒரு காலேஜில் இங்கிலீஷ் டீச்சர், தினமும் ரயிலில் போய்வருகிறவர். மாயப் புனைவில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர். அவருக்கும் ஒரு தளம் உண்டு, ‘மாயத்தின் விலை’ என்று. கதைகளில் மந்திரம் சும்மா கிடைப்பதில்லை அல்லவா? குரலைக் கொடுக்க வேண்டும், நிழலைக் கொடுக்க வேண்டும், பெற்ற பிள்ளையைக் கொடுக்க வேண்டும். எந்தக் கதையில் எதற்கு எது விலை என்று அடிக்குறிப்போடு எழுதி வைத்திருந்தார். புருஷன் முத்துச்செல்வம் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவர். நெஞ்சுவலியில் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. மகள் ஜோதிலட்சுமி பெங்களூரில் வேலையில் இருந்தாள்.

விருந்தினர் பக்கத்தில் ஆரம்பித்த பேச்சு மெயிலுக்குப் போய், போனுக்குப் போய், பிறகு நேரிலும் வந்தது. அவர் இவருக்கு ‘டீச்சர்’, இவர் அவருக்கு ‘சங்கர் சார்’. கூட்டம் ஓய்ந்த மாதங்களில் பழைய குற்றாலத்துக்குப் போய், ஆளுக்கொரு வடையைக் கையில் வைத்துக்கொண்டு, பூதத்துக்கு ஆத்மா உண்டா இல்லையா என்று சண்டை போடுவார்கள். வடை ஆறிவிடும், சண்டை ஆறாது. விஜயசங்கர் கல்யாணம் செய்துகொள்ளாதவர். பெண் பார்த்த காலத்தில் எதுவும் கூடிவரவில்லை, அப்புறம் யாரும் பார்க்கவில்லை. இந்தச் சண்டை இல்லாத வாரம் அவருக்குச் சோறு இறங்காது. அதற்கு என்ன பெயர் என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறந்து சொல்லத்தான் தைரியம் இல்லை.

அக்கா கல்யாணசுந்தரி அடுத்த தெருவில் இருக்கிறாள். தம்பியின் முகத்தைப் பார்த்தே எல்லாம் படிக்கிறவள்.

“ஏலே சங்கரு, இன்னும் எத்தன காலத்துக்கு அந்தப் பிள்ள கூட பூதத்தப் பத்தியே பேசிக்கிட்டுத் திரியப் போற? நேர கேட்டுருலே.”

“எப்பிடிக்கா கேக்க? அவங்க படிச்சவங்க.”

“நீ படிக்காமலா இருக்க? வீடு கொள்ளாம புஸ்தவத்த அடுக்கி வச்சிருக்க. வாயில சொல்ல வரலன்னா எழுதியாவது குடேன்.”

அக்கா சொன்னது ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லி. இந்த மனுஷன் என்ன செய்தார்? ஊர் உலகம் எல்லாம் பார்க்கிற தளத்தில் எழுதினார்! பயந்தவனுக்கு வருகிற தைரியம் இப்படித்தான் கண்மண் தெரியாமல் வரும். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், எத்தனையோ பத்திரம் எழுதிய அதே விரல்களால் அவர் தட்டிய பக்கம் இது:

‘பெயர் சூட்டப்படாத நாடு. கிழக்கே: சாயங்கால ரயில் வந்து நிற்கும் சத்தம். மேற்கே: மலையை விட்டு இறங்கும் மேகம். தெற்கே: இன்னும் படிக்காத புத்தகங்கள். வடக்கே: பழைய குற்றாலத்தில் ஒரு குடை. நீராதாரம்: ஒருவருடைய சிரிப்பு. இந்த நாட்டை எல்லோரும் டீச்சர் என்று அழைப்பார்கள். மேற்படி நாட்டின் பேரில் முன் பாத்தியமோ, வாரிசு உரிமையோ, வேறு எவ்வித வில்லங்கமோ கிடையாது. இந்நாட்டில் குடியேற இதை எழுதியவர் விரும்புகிறார்.’

ஏற்றிவிட்டு அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தார். மறுநாள் மத்தியானம் கத்தாரிலிருந்து அஹ்சன் கூப்பிட்டான். கடையநல்லூர்க்காரன், இரண்டு தளங்களுக்கும் தவறாமல் வருகிற வாசகன்.

“அண்ணாச்சி, வாழ்த்துச் சொல்லத்தான் நெனச்சேன். ஆனா டீச்சர் தளத்துல போயிப் பாத்தா, சக பயணிகள் பக்கத்துல உங்க பேரக் காணல. உங்களுக்குத் தெரியுமா?”

சக பயணிகள் பக்கம் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். இப்படித் தளம் வைத்திருக்கிற ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியவர்களின் தளங்களுக்கு ஒரு பக்கத்தில் இணைப்புக் கொடுப்பார்கள். அவர்களுக்குள் அதுதான் உறவுமுறை. செத்துப்போனவர் பெயரைக்கூட அதிலிருந்து எடுக்க மாட்டார்கள். உயிரோடு இருக்கிறவர் பெயரை எடுத்தால், இனி உன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று அர்த்தம். விஜயசங்கர் போய்ப் பார்த்தார். முதல் பெயராக இருந்த ‘நான்கெல்லை’ இல்லை. போன் போட்டார், யோகலட்சுமி எடுக்கவில்லை.

வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே, அதற்காக இருந்த சிநேகத்தையும் சேர்த்தா வெட்டுவது! கேட்காமலே இருந்திருந்தால் வடையும் சண்டையுமாவது மிஞ்சியிருக்கும். அக்கா வீட்டில் போய் உட்கார்ந்து பக்கத்தை வாசித்துக் காட்டினார்.

“கோட்டிக்காரப் பயலே, ஊருக்கே தமுக்கடிச்சிருக்கியே!” என்று தலையில் அடித்துக்கொண்டாள் கல்யாணசுந்தரி. “போ, போயி மன்னிப்புக் கேளு.”

“எதுக்குக் கோவம்னே தெரியலயேக்கா. எதுக்குன்னு மன்னிப்புக் கேக்க?”

“அத அவகிட்டயே கேளு. இங்கன உக்காந்து மூக்கச் சிந்துனா தெரிஞ்சுருமா?”

செங்கோட்டை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது அவர் மனசில் கல்யாணம் கில்யாணம் எதுவும் இல்லை. அந்தச் சிநேகம் திரும்பக் கிடைத்தால் போதும், அதற்கு மேல் ஜென்மத்துக்கும் எதுவும் கேட்க மாட்டேன் என்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

கதவைத் திறந்த யோகலட்சுமியின் முகம் வீங்கியிருந்தது. உள்ளே வரச் சொல்லிவிட்டு, சுவரில் இருந்த முத்துச்செல்வத்தின் படத்துக்குக் கீழே நாற்காலியைப் போட்டுக்கொண்டு அவரே உட்கார்ந்தார்.

“டீச்சர், பப்ளிக்கா எழுதுனது தப்புத்தான். உடனே எடுத்துருதேன்.”

“சாரமில்ல, பரவாயில்ல. அது கிறுக்குத்தனம், அதுக்கு நான் சிரிச்சிருப்பேன்.” செங்கோட்டைப் பேச்சில் மலையாளம் தானாக வந்து கலக்கும். “கோவம் அதுக்கில்ல. கடைசில என்ன எழுதுனியன்னு ஞாபகம் இருக்கா?”

“குடியேற விரும்புதேன்னு…”

“அதுக்கு முந்தின வரி.”

விஜயசங்கருக்கு ஞாபகம் இல்லை. சத்தியமாக இல்லை. யோகலட்சுமி போனை எடுத்து வாசித்தார். “முன் பாத்தியமோ, வாரிசு உரிமையோ, வேறு எவ்வித வில்லங்கமோ கிடையாது.” வாசித்துவிட்டு நிமிர்ந்து சுவரில் இருந்த படத்தைக் காட்டினார். “இவரு யாரு சார் அப்ப? என் கூட இருந்து, எனக்கு இந்தக் கம்ப்யூட்டர வாங்கிக் குடுத்து, நீ எழுதுட்டின்னு சொன்ன மனுஷன் யாரு? என் மவ யாரு? அவங்க எல்லாம் இல்லாத ஒரு காலி மனையா நான்? எல்லாத்தையும் அழிச்சுச் சுத்தம் பண்ணிட்டுத்தான் நீங்க குடி வருவியளோ?”

இடி விழுந்த மாதிரி இருந்தது அவருக்கு. அந்த வரியை அவர் யோசித்து எழுதவே இல்லை. எந்தப் பத்திரமானாலும் எல்லை எழுதி முடித்தால் அடுத்து, இதில் வேறு யாருக்கும் உரிமை இல்லை என்கிற அந்த வரி வந்தாக வேண்டும். வருஷக்கணக்காக அவர் விரல்கள் அப்படித்தான் பழகியிருந்தன. மனசு மேகத்திலும் குடையிலும் நின்றுகொண்டிருக்க, விரல்கள் பாட்டுக்கு அதைத் தட்டிவிட்டிருக்கின்றன. தொழில்புத்தி என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அந்த அம்மாள் இரவெல்லாம் அழுதிருக்கிறார் என்று முகம் சொன்னது.

“கைப்பழக்கத்துல வந்துட்டு டீச்சர்,” என்றார். “உங்க வீட்டுக்காரரும் ஜோதியும் இல்லாத டீச்சர எனக்குத் தெரியவே தெரியாது. அவரப் பத்தி நீங்க சொன்னதுதான் எம்புட்டு! அவரு இல்லன்னு நான் எப்பிடி எழுதுவேன்? ஆனா எழுதிட்டேனே…”

யோகலட்சுமி எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். விஜயசங்கர் அதைக் குடிக்கவில்லை.

“கம்ப்யூட்டரக் கொஞ்சம் தாரியளா?”

சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்துவிட்டு யோகலட்சுமி ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். வெளியே தூறல். எந்த ஆவணத்தையும் கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிற மனுஷன், அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடித் தட்டினார். அழித்தார், மறுபடி தட்டினார். கடைசியில் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தார். மேலே எல்லைகள் அப்படியே இருந்தன. கீழே இப்படி இருந்தது:

‘இந்நாட்டில் திரு. முத்துச்செல்வம் அவர்களுக்கு அழியாத பாத்தியம் உண்டு. அவர் படம் இருக்கும் சுவரும், அவரைப் பற்றிய பேச்சும் அவருடையவை. மகள் ஜோதிலட்சுமிக்கு எந்த நேரத்திலும் இங்கே வரவும், கோபித்துக்கொள்ளவும், சண்டை போடவும் முழு உரிமை உண்டு. இவ்வளவும் தெரிந்து, இவை எல்லாவற்றுக்கும் உட்பட்டு, இந்நாட்டில் ஒரு மூலையில் ஒதுங்க ஒருவர் அனுமதி கேட்கிறார். இல்லை என்றால் வழக்கம்போல எல்லைக்கு வெளியே நின்று சண்டை போட்டுக்கொள்வார்.’

யோகலட்சுமி நின்றபடியே வாசித்தார். புருஷன் பெயர் வந்த இடத்தில் நெடுநேரம் நின்றார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். விஜயசங்கர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், கோர்ட்டில் தீர்ப்புக்கு நிற்கிறவனுக்குக்கூட அவ்வளவு வேர்த்திருக்காது.

“இத இன்னிக்கு ஏத்தாதிய,” என்றார் யோகலட்சுமி.

“சரி டீச்சர்.” அவர் எழுந்திருக்கப் போனார்.

“இரிங்க. முடிச்சிக்கிடுதேன். ஜோதிகிட்ட நாந்தான் முதல்ல சொல்லணும். அவ நெட்டுல பாத்துத் தெரிஞ்சிக்கிடக் கூடாது. அவ சரின்னா அப்புறம் ஏத்தலாம்.”

விஜயசங்கருக்கு அது விளங்க ஒரு நிமிஷம் ஆனது. விளங்கியதும், குடிக்காமல் வைத்திருந்த தண்ணீரை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார்.

யோகலட்சுமி லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். “அப்புறம் இது என்னது, ஒரு மூலையில ஒதுங்கன்னு? மழைக்கா வந்து ஒதுங்குதிய?” என்று சொல்லி, அந்த மூன்று வார்த்தைகளையும் அழித்துவிட்டு, தானே தட்டினார்: ‘கூட இருக்க.’