மரியாதையாக எழுதிய கடிதம்

எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டு மரத்தை வெட்டிப் போட்டு மறித்த அன்று, சேலம் ரோட்டில் அப்பா இருந்தார், நான் இருந்தேன், எங்கள் தெருவில் நடக்க முடிந்த ஆண்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். பக்கத்து நிலத்து மாமா மட்டும் இல்லை. காய்ச்சல் என்று சொல்லியனுப்பியிருந்தார்.

மாலையில் திரும்பியபோது எங்கள் வண்டித்தடத்தைக் காணோம். நைனார்பாளையத்துக்குக் கிழக்கே, மாமாவின் நிலத்துக்குப் பின்னால் எங்கள் இரண்டு ஏக்கர் கரும்பு. தாத்தா காலத்திலிருந்து அவர் நிலத்து ஓரமாக எட்டடி அகலத் தடத்தில்தான் எங்கள் வண்டி ரோடு ஏறும். அதை உழுது, முகப்பில் வேலமுள் போட்டிருந்தது. சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரவேண்டிய நேரம். வெட்டிய கரும்பு நாலு நாள் கிடந்தால் காய்ந்து எடை போய்விடும்.

மாமா கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தார்.

"இன்னா மச்சான், தடத்த ஏர் ஓட்டிட்டியே?" என்றார் அப்பா.

"என் நெலத்த நான் ஓட்டனேன். ஜாஸ்தி பேசவைக்காத, ஒடம்பு முடியல."

"காய்ச்சக்காரன் கால்ல ஏது இவ்ளோ சேறு?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்தேன்."

அதன்பிறகு எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். எல்லைக்கல்கூட ஒரு சாண் எங்கள் பக்கம் நகர்ந்ததுபோல் தெரிந்தது. கயிறு போட்டு அளந்தேன். முன்பு அளந்து வைத்திருந்தால்தானே ஒப்பிட முடியும்.

"காலையில முள்ள எடுத்துப் போட்டுட்டு வண்டிய ஓட்டு. வேற இன்னா?" என்றார் அப்பா. நான் தடுத்தேன். மறியலுக்குப் பிறகு போலீஸ் ஜீப் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. சின்னக் கைகலப்பு என்றாலும் உள்ளே வைத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் படித்தவன் நான். எதையும் எழுத்தில் செய்ய வேண்டும் என்று நம்பினேன்.

பள்ளியில் கற்றுக்கொடுத்த முறைப்படியே எழுதினேன். 'இத்தனை ஆண்டுகளாகத் தாங்கள் பெருந்தன்மையுடன் அனுமதித்து வந்ததுபோல, இவ்வாண்டும் தங்கள் நிலத்தின் வழியே வண்டி ஓட்ட அனுமதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.' கீழே அப்பாவின் கைரேகை. இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் பெற்றுக்கொண்டதற்கு மாமாவிடம் கையெழுத்து கேட்டேன். எதற்கெடுத்தாலும் வம்பு பேசுகிறவர், மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தார். தாளை நாலாக மடித்து பனியனுக்குள் வைத்துக்கொண்டு, "மோர் குடிச்சிட்டுப் போ" என்றார். அந்த மோர்தான் வீடு வரும்வரை என்னை உறுத்தியது.

பதிலே வரவில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு வக்கீலைப் பார்த்தோம்.

"எத்தனை வருஷமா ஓட்டுறீங்க?"

"எங்க அப்பன் காலத்துலேர்ந்துங்க," என்றார் அப்பா.

"யாரையாவது கேட்டுக்கிட்டு ஓட்டினீங்களா?"

"கேக்கறதுக்கு இன்னா இருக்குதுங்க? அது எங்க தடம்."

"அப்ப கவலைய விடுங்க. இருபது வருஷம் கேக்காம, தடையில்லாம போயிருந்தா அது உங்க உரிமை. அவரால மறிக்க முடியாது."

நான் பெருமையோடு பிரதியை நீட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"அவர் அனுமதிச்சுதான் போனோம்னு நீயே எழுதிக் குடுத்திருக்கியேப்பா. அனுமதி குடுத்தவன் நிறுத்திக்கவும் செய்யலாம். கேஸ் போடலாம், வருஷக்கணக்கா நடக்கும். கரும்பு நிக்குமா?"

அப்பா பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேராக மாமா வீட்டுக்குப் போய், "தடத்த வெலைக்கே குடுத்துடு மச்சான்," என்றார்.

"அதுக்கின்னா, குடுத்தா போச்சு," என்றார் மாமா. பிறகு என்னைப் பார்த்து, "பத்திரத்தயும் நீயே எழுதுப்பா. உன் எழுத்து நல்லாக்கீது."

தடத்தை மறித்து, எங்களையே எழுதிக் கேட்க வைத்து, விலைக்குத் தள்ளும் யோசனையை அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்த வருஷம் டவுனுக்கு அவரோடு போய்வந்த ஒவ்வொருவர் மீதும் எனக்குச் சந்தேகம் இருந்தது.

கறவைமாட்டை விற்றோம், மீதிக்கு அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. ஐந்தரை சென்ட்டுக்குக் கிரயம் நாலாயிரம். முத்திரைத்தாள், பதிவுச் செலவு, பத்திரம் எழுதியவருக்குக் கூலி எல்லாம் சேர்த்து நாலாயிரத்து அறுநூற்று எழுபது ரூபாய்.