சரோஜா அண்ணியும் சனிக்கிழமை எண்ணெயும்

சரோஜா அண்ணி போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள். அப்போதிலிருந்து எந்த வேலையும் ஓடவில்லை...

வில்லியனூர் மார்க்கெட்டில் அண்ணியும் அவர் கணவர் கோவிந்தராசு அண்ணனும் மளிகைக் கடை வைத்திருந்தார்கள். பக்கத்துத் துணிக்கடை என்னுடையது. எண்பதுகளின் தொடக்கம்.

அண்ணனுக்கு மூளையில் கட்டி. அபூர்வமான வகை என்றார்கள். மெட்ராஸில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கட்டி திரும்ப வரலாம், கவனமாக இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

சனிக்கிழமை தோறும் அண்ணனை மணையில் உட்கார வைத்து அண்ணி எண்ணெய் தேய்ப்பார். தையல் போட்ட இடத்தை விரலால் அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்ப்பார். பிறகு கடைக்கு வந்து, "ஒண்ணும் இல்ல தம்பி" என்பார். எங்களுக்கும் அப்போதுதான் மூச்சு வரும்.

சும்மா சொல்லக்கூடாது, கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அண்ணன் தலையைத்தான் பார்ப்பார்கள். மனுஷன் சலிக்காமல் குனிந்து காட்டுவார்.

ஒருநாள் அண்ணன் ஒற்றைச் செருப்போடு வந்தார். இன்னொன்று கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. இன்னொன்றை ரோட்டுக்குத் தானம் செய்துவிட்டாரா என்று கிண்டல் செய்தோம். அவரும் சிரித்தார்.

அப்புறம் முதுகு வலி, கால் மரத்துப்போவது... நாளெல்லாம் கல்லாவில் உட்கார்ந்தால் வலிக்காதா என்றார்கள். மண்ணாடிப்பட்டு பக்கம் ஒருவரிடம் சுளுக்கு எடுத்தார்கள். தவிட்டு ஒத்தடம் வேறு. அண்ணி மட்டும் தலையை விடவில்லை.

நடக்க முடியாமல் போன பிறகுதான் மெட்ராஸ். நானும் கூடப் போனேன். தலையைப் படம் எடுத்தார்கள், முதுகில் மருந்து ஏற்றி எக்ஸ்ரேயும் எடுத்தார்கள்.

தலையில் பழைய இடம் சுத்தமாக இருக்கிறது என்று ஆரம்பித்தார் டாக்டர். அண்ணி கையெடுத்துக் கும்பிட்டுச் சிரித்துவிட்டார்...

அதே கட்டிதான் கீழே இறங்கி முதுகுத்தண்டில் வந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னது அதற்குப் பிறகு. அந்தச் சிரிப்பை இன்றும் மறக்க முடியவில்லை.

அடுத்த பொங்கலுக்கு அண்ணன் இல்லை.

அண்ணி தனியாகவே கடையை நடத்தினார். மகளைக் கட்டிக்கொடுத்தார். ஆனால் இந்த ஒன்று மட்டும் அவரை விடவே இல்லை. கடைசியாகப் பார்த்தபோதுகூட, காபி கொடுத்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"எண்ணெய தலையோட நிறுத்திட்டனே தம்பி... முதுவுலயும் கை வச்சிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

தெரிந்திருக்காது அண்ணி. டாக்டரும் சொன்னார், நானும் எத்தனையோ தடவை சொன்னேன். நீங்கள் ஒருநாளும் நம்பவில்லை.

போய் வாருங்கள்.