அடி வாங்கிய ஹெல்மெட்

சைக்கிளில் போகிறவர் தலைக்கவசம் அணிவது எங்கள் கள்ளிக்குப்பத்தில் அந்நாளில் யாரும் கேள்விப்படாத காரியம். மோட்டார் சைக்கிள்காரர்களே அதைக் கண்ணாடிக் கம்பியில் மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டுதான் போனார்கள். அப்படிப்பட்ட ஊரில், முன்கண்ணாடி கழன்றுபோன ஒரு சிவப்பு ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு, என் அப்பா மட்டும் அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத் தினமும் சைக்கிள் மிதித்தார்.

ஏற்பாடு அம்மாவுடையது. அடுத்த தெருக்காரர் ஒருவர் லாரி உரசி விழுந்து, தலை முழுக்கத் தையலோடு கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்தவள், பூந்தமல்லியில் மெக்கானிக்காக இருந்த தன் தம்பியிடம் சொல்லி அந்தப் பழம்பொருளைத் தருவித்தாள். அப்பா மறுக்கவில்லை. அவர் எதையும் மறுத்துப் பேசமாட்டார். அந்தக் குறையை ஈடுசெய்யவே நான் பிறந்ததாக எனக்கொரு எண்ணம். ஏழாம் வகுப்பிலேயே பேச்சுப்போட்டிக் கோப்பையை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அல்லவா? ஆனால் மேடையில் அரங்கத்தையே கட்டிப்போட்ட என்னைத் தெருவில் பையன்கள் நிறுத்தி, “உங்க நைனா ராக்கெட்டு கெளம்பிடுச்சா?” என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு ஓடிவிடுவேன்.

அந்த ஆண்டு எஸ்டேட் சாலையில் ஒரு டெம்போ அப்பாவைத் தட்டிவிட்டது. முழங்கையில் சிராய்ப்போடு எழுந்து வந்தார். ஹெல்மெட்டில் மட்டும் நெற்றியிலிருந்து காது வரை ஒரு விரிசல். இனி அது ஒழிந்தது என்று நான் உள்ளூர மகிழ்ந்தேன். என் மகிழ்ச்சி ஒரு நாள்கூட நிலைக்கவில்லை. விரிசல் விழுந்ததும்தான் அம்மாவுக்கு அதன்மேல் பக்தியே பிறந்தது. அடி வாங்கிக் காட்டிய பொருள். அதைவிட நம்பத்தக்கது உலகத்தில் வேறு என்ன இருக்கிறது என்பது அவள் வாதம். உள்ளே நொறுங்கிய தெர்மாக்கோலைச் சுரண்டி எடுத்துவிட்டு, பழைய கைலியை மடித்துத் தைத்து மெத்தை வைத்தாள். மீதித் தெர்மாக்கோல் ரவை ரவையாக உதிர்ந்து மாலைதோறும் அப்பாவின் தலைமுடியில் ஒட்டியிருக்கும். அவர் அதைத் தட்டிவிட்டுக்கொண்டே காபி குடிப்பார்.

ஆயுத பூஜை வந்தது. அரிவாள்மனை, திருப்புளி, கழுவி நிறுத்திய சைக்கிள் என எல்லாவற்றுக்கும் முன்னால், பலகை போட்டு அந்த ஹெல்மெட்டை அமர்த்தியிருந்தாள் அம்மா. விரிசல் நெடுகச் சந்தனம், நடுவில் குங்குமம். பொரி கடலை வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள் அதற்கும் சேர்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். என் பொறுமை அன்றோடு தீர்ந்தது.

பூஜைக்குப் பூந்தமல்லி மாமாவும் வந்திருந்தார். அவரை நடுவராக்கி, கூடத்தின் நடுவே நின்று வழக்கைத் தொடங்கினேன். காப்பாற்றியது உண்மை, காப்பாற்றும்போதே அதன் வலிமை செலவாகிவிட்டது என்பதும் உண்மை, வெடித்த பட்டாசை மறுபடி கொளுத்த முடியுமா என்று கேட்டேன். அம்மா சுண்டல் தாளித்தபடியே எதிர்வாதம் செய்தாள்.

“அன்னிக்கு அது இல்லன்னா இன்னிக்கு உங்கப்பா இல்ல. காப்பாத்தன சாமானைத் தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கணுமா? நல்லா கீதுடி உன் நாயம்.”

மாமா தொழில்காரர். தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். “யக்கா, பாப்பா சொல்றது கரெக்ட்டு. ஒரு தபா அடி வாங்கிச்சின்னா அவ்ளோதான். இனிமே அது சும்மா தொப்பி.”

அம்மா அசையவில்லை. சான்று இல்லாத வாதம் நிற்காது என்று பேச்சுப்போட்டிப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். பலகையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். எல்லோரும் பின்னால் வந்தார்கள். துவைக்கும் கல்லின்மேல் இடுப்பு உயரத்திலிருந்து விட்டேன். வீசக்கூட இல்லை, விட்டேன். சந்தனம் பூசிய கோட்டின் வழியே அது இரண்டாகப் பிளந்தது.

அப்பா தம் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். நான் நடுவரைப் பார்த்தேன்; மாமா கைதட்ட எடுத்த கையை, அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். அம்மா இரண்டு துண்டுகளையும் பொறுக்கி, குங்குமத்தை முந்தானையால் துடைத்து, சுவரோரம் வைத்தாள். ஒரு சொல் சொல்லவில்லை. அந்த மௌனத்தை எதிரணி ஒப்புக்கொண்டதாகவே நான் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்குப் போய் அப்பா புதிய ஹெல்மெட் வாங்கிவந்தார். நீல நிறம், உறுதியான பட்டை, தட்டினால் கணீரென்று ஒலித்தது. அம்மா அதற்குப் பொட்டு வைக்கவில்லை. கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இது இன்னும் ஒரு அடியும் வாங்கலியே,” என்றாள். “இத்த எத்த வெச்சி நம்பறது?”

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த வாரத்திலிருந்து இன்னொரு தொல்லை தொடங்கியது. மாலையில் எஸ்டேட்டில் வேலை முடிந்து சங்கு ஊதினால் போதும், அம்மா அடுப்பில் இருப்பதை என்னிடம் ஒப்படைத்துவிட்டுத் தெருமுனைக்குப் போய்விடுவாள். பூ வாங்கவும் ஊர்க்கதை பேசவும்தான் போகிறாள் என்று நினைத்தேன். பால் பொங்கி வழியும்; படிக்க உட்கார்ந்த நான் ஓடுவேன். ஒருநாள் கோபத்தோடு அவளைத் தேடிப் போய், புதிய ஹெல்மெட்டின் தரத்தைப் பற்றித் தெருமுனையிலேயே ஒரு சொற்பொழிவு நிகழ்த்தினேன். என் ஒவ்வொரு கருத்துக்கும் தலையாட்டினாள். பார்வை மட்டும் சாலையிலேயே இருந்தது.

எத்தனை சொன்னாலும் புரியாதவர்களும் உண்டு என்று தோழிகளிடம் சலித்துக்கொண்டேன். விரிசல் விட்ட பழைய ஹெல்மெட் அப்பாவின் தலையில் இருந்தவரை, சங்கு ஊதும் நேரத்தில் அம்மா அடுப்படியை விட்டு எழுந்ததே இல்லை என்பது என் மனத்தில் படவே இல்லை.