மேரியில் இருந்த என் வயது

மகளின் ஓட்டப்பந்தயப் படிவத்தில் முத்திரை ஈரமாக இருந்தது. மீன் வாடையோடு கலந்த வேறொரு மை வாசனை எனக்கு ஞாபகம் வந்தது.

அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஓட்டப்பந்தயத்துக்கு வயதுச் சான்று கேட்டார்கள் என்று, வைத்திக்குப்பத்தில் மீன் விற்ற அம்மா, மேரி என்று நாங்கள் சொல்லும் நகராட்சிக்குப் போய், பிரெஞ்சுக்காரன் காலத்துப் பதிவேட்டிலிருந்து ஒன்றை வாங்கி மீன்கூடையிலேயே பள்ளிக்குக் கொண்டுவந்தாள். அதன்படி, பள்ளியில் சேர்த்தபோது அவள் குத்துமதிப்பாகச் சொன்னதைவிட எனக்கு ஒரு வயது அதிகம்! சிறியவர்கள் பிரிவில் ஓட முடியாது.

“ஸ்கூல் தேதியே போதும். இத உள்ள வெச்சிடும்மா,” என்றார் விளையாட்டு ஆசிரியர்.

அம்மா என்னைப் பார்த்தாள்.

“பெரிய பொண்ணுங்களோடயே ஓடறேன் சார்,” என்றேன்.

அந்தப் பந்தயத்தில் கடைசியாகத்தான் வந்தேன். அடுத்த வருஷம் இரண்டாவது.

மகள் கையெழுத்துக்கு அவசரப்படுத்தினாள். போடுவதற்கு முன், படிவத்தில் அவளுடைய பிறந்த தேதியைப் படித்தேன்.