ஏழா, எட்டா என்று ஒரு வருடம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜனவரி மாதம், புனே போகும் வழியில் மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு கோல்ஃப் மைதானத்தில் நடந்தது இது. நாங்கள் நால்வரும் மும்பை மாட்டுங்காவில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். ஐம்பது வயதில் டாக்டர் நடக்கச் சொன்னார். ஆபீஸ் புண்ணியத்தில் கோல்ஃப் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து வருடம் தவறாமல் இரண்டு நாள் பயணம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும், செம்பூர் மைதானத்தில் வாராவாரம் எங்கள் மட்டைப் பைகளைத் தூக்கும் அண்ணாச்சியும் கட்டாயம் கூட வர வேண்டும். அண்ணாச்சிக்கு ஊர் திருநெல்வேலிப் பக்கம், வீடு சீத்தா கேம்ப், வயது ஏறக்குறைய எங்கள் வயது.

அந்த முறை காரில் ஏறும்போதே நானும் என் நண்பன் ஒருவனும் பேசிக்கொள்வதில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். கோல்ஃபில் குறைவான அடிகளில் பந்தைக் குழிக்குள் தள்ளுபவன்தான் ஜெயிப்பான். முந்தைய வருடப் பயணத்தில், இதே மைதானத்தின் கடைசிக் குழிக்கு அவன் ஏழு அடி என்றான். நான் எட்டு என்றேன். எட்டு என்றால் நானும் அவனும் சமம். ஏழு என்று சாதித்து, அந்த வருடக் கோப்பையை அவன் வீட்டு ஷோகேஸுக்குக் கொண்டுபோய்விட்டான். நான் எல்லார் முன்னாலும் பொய்யன் என்று சொல்லிவிட்டேன். அப்புறம் வருடம் முழுக்கக் கோயிலில் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

மற்ற இருவரும் வாஷி தாண்டும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்கள். "இந்தத் தடவையும் மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டேள்னா, அடுத்த வருஷம் ட்ரிப்பே கேன்சல்." ரிட்டையர் ஆன பிறகு, வருடம் முழுவதும் நான் காத்திருப்பது அந்த இரண்டு நாளுக்காகத்தான். ஆனாலும் யார் முதலில் வாய் திறப்பது?

மைதானத்தில் எங்கள் இருவரையும் வேண்டுமென்றே ஜோடி சேர்த்து, அண்ணாச்சியை எங்களோடு விட்டுவிட்டு அவர்கள் முன்னால் போய்விட்டார்கள். எங்கள் பேச்செல்லாம் அண்ணாச்சி வழியாகப் போனது. மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்கிறோம். மூன்று பேருக்கும் தமிழ் தெரியும்.

"அண்ணாச்சி, அந்தப் பொய்யனை முதல்ல அடிக்கச் சொல்லுங்கோ" என்பேன்.

அண்ணாச்சி அவன் பக்கம் திரும்பி, "சார் உங்கள மொதல்ல அடிக்கச் சொல்லுதாவ" என்பார்.

"எனக்கு ஆர்டர் போட அவன் யாருன்னு கேளுங்கோ" என்பான் நண்பன்.

அண்ணாச்சி என்னிடம், "சரின்னு சொல்லுதாவ சார்" என்பார்.

பதினேழு குழிகள் இப்படியே ஓடின. கடைசிக் குழிக்கு வந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இங்கேதானே ஏழுன்னு புளுகினே" என்று நேராகவே கேட்டுவிட்டேன். ஒரு வருடம் கழித்து அவனிடம் நான் பேசிய முதல் பேச்சு அது. அவனும் விடவில்லை. சத்தம் கேட்டு மற்ற இருவரும் ஓடிவந்தார்கள். ஒருவன் தலையில் அடித்துக்கொண்டு, "போறும்டா. இதோட முடிச்சுக்கலாம்" என்று பையைக் கட்டத் தொடங்கினான். வேறு வழி தெரியாமல் அண்ணாச்சியிடம், "அன்னிக்கு நீங்களும் இருந்தேளே, நீங்களே சொல்லுங்கோ" என்றேன்.

அவர் துண்டால் மட்டையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "ஏழுமில்ல, எட்டுமில்ல சார். அவிய அடிச்சது ஒம்பது."

நான் துள்ளிக் குதிக்காத குறை. ஆனால் அவர் இன்னும் முடிக்கவில்லை.

"நீங்க அந்த மணல் பள்ளத்துக்குள்ள ரெண்டு வாட்டி வீசினிய. ஒண்ணுதான் சொன்னிய. கூட்டிப் பாத்தா ரெண்டு பேரும் சமந்தான்."

முதல் வீச்சில் மணல்தான் பறந்தது, பந்து அசையவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று அதை ஒத்திகைக் கணக்கில் தள்ளியது ஞாபகம் வந்தது. ஞாபகம் வர என்ன இருக்கிறது, மறந்திருந்தால்தானே. என் காது மடல் வரை சூடேறியது.

நண்பன்தான் முதலில் சிரித்தான். "ரெண்டு பேருமே ஃப்ராடுடா" என்று என் தோளில் கை போட்டான். நால்வரும் புல்லில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம்.

"ஏன் அண்ணாச்சி, ஒரு வருஷமா இதைச் சொல்லவே இல்லையே?" என்று கேட்டேன்.

"பை தூக்குதவன் கேக்காம கணக்கு சொல்லக்கூடாது சார், அதான் எங்க வழக்கம். யாரும் கேக்கலையே" என்றார் சாதாரணமாக.

பயணம் இன்றுவரை நிற்கவில்லை. ஆனால் எல்லாம் தெரிந்த ஒரு மனிதரை வாராவாரம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, அவர் கையில் பையைக் கொடுக்கத் தெரிந்த எனக்கு அவரிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே என்று நினைக்கும்போது, இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.