எக்ஸ்ரே பார்க்கிறவள்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், "எக்ஸ்ரே பாக்குறா" என்று அப்பா சொல்லிவிடுவார். பொய்யில்லை. நம் பால்வீதியைப் போன்ற பேரடைகள் நூற்றுக்கணக்கில் ஈர்ப்பினால் கூடிக் கிடக்கும் கொத்துகளைத்தான் நான் ஆராய்கிறேன். அவற்றின் இடையே பரவியிருக்கும் வாயு, கோடிக்கணக்கான டிகிரி கொதிப்பில் எக்ஸ்ரேயை உமிழும். நம் காற்றுமண்டலம் அதைக் கீழே விடாது என்பதால், செயற்கைக்கோளில் தொலைநோக்கி வைத்துப் பார்க்கிறோம். அந்தத் தரவை புதுவயலில், எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து அலசுவேன்.

ஒரு நாள் காலை எதிர்வீட்டு அண்ணன் வந்தார். அரிசி மில்லில் மூட்டை தூக்குபவர். கையில் பெரிய பழுப்பு உறை.

"தாயி, நீ எக்ஸ்ரே பாக்குறவளாமே. படம் எடுத்துட்டேன், டாக்டரு லீவாம். கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."

"ஐயோ அண்ணே, நான் பாக்குறது வானத்து எக்ஸ்ரே. இது எனக்குத் தெரியாது."

"வானத்துக்கு என்ன நோவு?" என்றார், நிஜமான அக்கறையோடு. நான் பதில் சொல்வதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எப்பருந்து இப்புடி இருமுறீக?"

"அது கெடக்கு, ஒரு மாசமா."

டவுன் பஸ் பிடித்து காரைக்குடி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி ஒரு வெண்திட்டைக் காட்டினார். நிமோனியா. மாத்திரையை இடையில் நிறுத்தாமல், மில் தூசிப் பக்கம் போகாமல் இருந்தால் சரியாகிவிடும் என்றார்.

அந்த நாட்களில் என் மனசெல்லாம் வேறொரு படத்தில் இருந்தது. இரண்டு கொத்துகள் மோதிக்கொண்ட இடம். அங்கே வாயு அலையாகக் குவிந்து, ஒரு ஓரத்தில் பளிச்சென்று விளிம்பு கட்டியிருப்பதாக எனக்குத் தோன்றியது. யாரும் அதுவரை சொல்லாதது. கருவியே படத்தில் சேர்த்துவிடும் போலிப் புள்ளிகளை, நாங்கள் இரைச்சல் என்போமே அதை, இன்னும் கவனமாகக் கழித்துப் பார்க்க வேண்டியிருந்தது. அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

சில வாரம் கழித்து, மாத்திரை முடிந்ததும், மறுபடியும் படம் எடுக்க அண்ணனோடு போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்கு" என்றார்.

"ஒண்ணுமில்லையாம் தாயி!" அவர் வாய்விட்டுச் சிரித்தார். வெளியே பெஞ்சில் இருந்த, முன்பின் தெரியாதவர்களிடமும் சொன்னார். எனக்கு டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார்.

மாலை வீட்டுக்கு வந்ததும் கணக்கீட்டை ஓட்டினேன். இரைச்சலைக் கழித்ததும் விளிம்பு கரைந்துபோனது. வேறு முறையிலும் பார்த்தேன். அங்கே ஒன்றுமில்லை. ஒரே சொல்தான், காலையில் கேட்டபோது நானும் அவரோடு சேர்ந்து சிரித்திருந்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அந்த வாயு என் ஆசைக்காகக் கொதிக்கவில்லை என்பது தெரியாததல்ல. ஆனாலும் இருக்க வேண்டும் என்று விரும்பித்தான் இத்தனை நாளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் போலும்.

என் ஆய்வு வழிகாட்டியைக் கூப்பிட்டுச் சொன்னேன். "சரிம்மா, அப்படியே எழுதிடு" என்றார்.

கட்டுரையில் 'விளிம்பு காணப்படவில்லை' என்று தட்டச்சு செய்துவிட்டுக் கீழே இறங்கினேன். அம்மா தட்டு வைத்தாள். எவ்வளவு பசித்திருக்கிறது என்பதே சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.