துவக்குக்கு மருந்து போடுகையில் கதைக்கக்கூடாது

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில், ஒரேத்தோப் பக்கத்தில், ஒரு மாடிவீட்டுக் குசினியில் ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் கூழ்முட்டை மணம் அடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் இப்போது மூக்கைச் சுளிப்பதைக்கூட விட்டுவிட்டார்கள். காரணம் முட்டை இல்லை. எமிலியானா துவக்குக் கழுவுகிறாள். கருமருந்து போட்டுச் சுடுகிற பழைய மாதிரித் துவக்கைச் சுட்ட அன்றைக்கே கொதிதண்ணீரும் சவர்க்காரமும் விட்டுக் கழுவிவிட வேண்டும். சோம்பல்பட்டால் அடுத்த நாள் குழலுக்குள் துரு. அதற்கென்று ஒரு நீல வாளி வைத்திருக்கிறாள். ஸ்ஃபெர்ராகவால்லோவில் மீன் சாப்பாட்டுக்கடை ஒன்றில் சமைக்கிற அவள் கணவன் அகஸ்ரின், ஒருநாள் ஆசையாகக் கொண்டுவந்த கணவாயைத் தெரியாமல் அந்த வாளிக்குள் போட்டுவிட்டான். அன்றைக்கு அந்த வீட்டில் பாணும் சம்பலும்தான்.

எமிலியானா மன்னார் பேசாலைக்காரி. ஐம்பதைத் தாண்டியவள். வாரநாட்களில் இரண்டு வீடுகளில் துடைப்பதும் உடுப்புக்கு ஸ்திரி போடுவதும் வேலை. அவளிடம் மூன்று துவக்குகள் இருக்கின்றன. மூன்றுமே பழங்காலத்து மாதிரியைப் பார்த்து இந்தக் காலத்தில் செய்தவை. மூன்றுக்கும் வாய்வழியேதான் மருந்தும் குண்டும் போட வேண்டும். ஒன்று நெடுந்துவக்கு, ஒன்று கைத்துவக்கு. மூன்றாவதுதான் அவளுடைய செல்லப்பிள்ளை. கட்டையாக, வாய் புனல் மாதிரி விரிந்தது. இத்தாலியர் அதைத் த்ரொம்போனே என்பார்கள். அகஸ்ரின் அதற்கு 'இடியன்' என்று பெயர் வைத்தான். வன்னியில் பன்றிக்குச் சுடுகிற நாட்டுத்துவக்குக்கு அதுதான் பெயர். இடியனின் குண்டு இலக்கில் பட்டால் அது குண்டின் பெருந்தன்மை. ஆனால் அது போடுகிற சத்தமிருக்கிறதே, அதற்காகவே அவள் அதை வைத்திருக்கிறாள்.

அவள் துவக்குத் தேடிப் போனவள் இல்லை. ஊருக்கு வெளியே மலையடிவாரத்தில் உள்ள சுடும் கழகம் ஒன்றில் ஞாயிறுகளில் கூட்டித் துடைக்கப் போனவள். கருமருந்துக்காரர் சுடும் பக்கம்தான் அவளுக்குப் பெருந்தலையிடி. கரி, புகை, எரிந்த துணித்துண்டுகள். ஒருநாள் அவள் முணுமுணுப்பதைக் கண்ட ஒருத்தர், கூட்டுமாற்றை வைத்துவிட்டு நீங்களும் ஒருமுறை சுட்டுப் பாருங்கள் சினோரா என்று பகிடி விட்டார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. எமிலியானா கூட்டுமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு உண்மையிலேயே கையை நீட்டிவிட்டாள். குண்டு மண்மேட்டில் எங்கோ போய்ப் புதைந்தது. முகமெல்லாம் கரி. புகைக்குள் நின்று வயிறு நோகச் சிரித்தாள். அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு "இன்னொருக்கா" என்றாள்.

அவ்வளவுதான் கதை. இதற்கு மேல் ஒரு காரணமும் கிடையாது. ஆனால் யார் நம்புகிறார்கள்?

குவெஸ்தூராவில், அதாவது அனுமதிப்பத்திரம் கொடுக்கிற பொலிஸ் கந்தோரில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கேட்டார்: வேட்டைக்கா, பாதுகாப்புக்கா? சுடுவதற்கு என்றாள் எமிலியானா. எதற்காகச் சுட வேண்டும் என்று அவர் மறுபடி கேட்டார். பிடித்திருக்கிறது என்றாள். அந்த மனுஷன் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வைத்தியரின் சான்றிதழையும் கழகத்தின் சான்றிதழையும் வாங்கிக்கொண்டார். நல்ல மனுஷன். மற்றவர்களுக்கு அந்தப் பதில் போதவில்லை. உள்ளூர்ப் பத்திரிகைக்காரப் பெட்டை ஒருத்தி வந்து படம் எடுத்துக்கொண்டு போய், போரிலிருந்து தப்பி ஓடிவந்த பெண் துவக்கைப் பிடித்துத் தன் பயத்தை வெல்கிறாள் என்று எழுதிவிட்டாள். எமிலியானா ஓடிவரவில்லை, அகஸ்ரின் கூப்பிட்டு விமானத்தில் வந்தவள். தேவாலயத்தில் தமிழ்ப் பூசை வைக்க வருகிற சாமியார்கூட, "மகள், மனசிலை ஏதும் காயம் இருந்தா வந்து கதையுங்கோ" என்றார். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதற்கு இந்த உலகத்தில் ஆட்களுக்குக் குறைவில்லை.

காயம் இல்லாமலில்லை. அவளுடைய தம்பியைக் கடற்கரையில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்றுவரை சேதி இல்லை. அவனுக்காக அவள் அழுகிற அழுகை அவளுக்கும் அவள் கும்பிடுகிற மடுமாதாவுக்கும் தெரியும். அதை எடுத்து இடியனின் வாய்க்குள் திணிக்க வருகிறவர்களைக் கண்டால்தான் அவளுக்கு எரிச்சல் வரும். "தம்பி என்ர நெஞ்சுக்குள்ளை இருக்கிறான். துவக்குக்குள்ளை ஒருத்தரும் இல்லை" என்று ஒருநாள் அகஸ்ரினிடம் கத்தினாள். "எனக்கெண்டு ஒண்டு பிடிச்சிருக்கு. அதுக்கும் ஒரு சாவு வேணுமோ?"

இப்படி இருக்கும்போதுதான் மகள் அமலினிக்குச் சம்பந்தம் கூடி வந்தது. பெடியன் பிறின்ஸ், இரண்டு பேரும் ஒரே தமிழ்ப் பூசையில் வளர்ந்த பிள்ளைகள், தாங்களாகவே விரும்பிக்கொண்டவர்கள். பிறின்ஸின் தாய் செலஸ்ரீனா யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக்காரி. செபமாலைக் கூட்டத்துக்குத் தலைவி. கூட்டத்தில் அவள் சொன்னால் சொன்னதுதான். முதல் இரண்டு சந்திப்புகளிலும் வாய் நிறையச் "சம்மந்தி, சம்மந்தி" என்று தேனாகத்தான் பேசினாள். மூன்றாவதாக வீடு பார்க்க வந்தாள். மடுமாதா படத்துக்குக் கீழே பூட்டியிருந்த இரும்பு அலுமாரியைக் கண்டதும் அவள் கண் அங்கேயே நின்றது.

"உதுக்குள்ளை என்ன சம்மந்தி? நகையோ?"

மறைத்துப் பழகாத எமிலியானா, பெருமையோடு சாவியைப் போட்டுத் திறந்துவிட்டாள். செலஸ்ரீனா சிலுவை போட்டுக்கொண்டாள். கோப்பியைக் குடிக்காமல் எழும்பிப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை கபோ சந்தையில், கத்தரிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில், செலஸ்ரீனா எமிலியானாவை மறித்தாள். இந்தமுறை சம்மந்தி இல்லை.

"எமிலியானா, நான் நேராச் சொல்லுறன். துவக்கு வைச்சிருக்கிற வீட்டிலை நான் சம்மந்தம் செய்யமாட்டன். துவக்காலை நாங்கள் பட்டது காணும். நீர் உதுகளை வீட்டை விட்டு அனுப்பும், நான் கோயில்லை கலியாணத்துக்குப் பேர் குடுக்கிறன். இல்லாட்டி விடுவம்."

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. பின்னேரத்துக்குள் பலெர்மோத் தமிழருக்கெல்லாம் கதை போய்விட்டது. அமலினி அழுதாள். "அம்மா, ப்ளீஸ், வித்துவிடுங்கோவன். மூண்டு இரும்புக்காக என்ர கலியாணம் நிக்கோணுமே?" அகஸ்ரின் வழக்கம்போல மதில்மேல் குந்தினான். "உன்ரை விருப்பம். நான் ஒண்டும் சொல்லேல்லை" என்றான்.

மகள் அழுதது எமிலியானாவைக் குடைந்தது. தான் வேலை செய்கிற சினோராவின் வீட்டில் சட்டைகளுக்கு ஸ்திரி போட்டுக்கொண்டே, சரி, கொடுத்துவிடுவோம் என்று ஒருமுறை முடிவும் எடுத்துவிட்டாள். எடுத்த கையோடு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. படிப்பை நிற்பாட்டச் சொன்னார்கள், ஓம் என்றாள். இத்தாலிக்குப் போ என்றார்கள், ஓம். கிறிஸ்மஸ் அன்றைக்கு வேலைக்கு வா என்றாள் சினோரா, அதற்கும் ஓம். அவள் வாயில் இந்த ஓம் ஒரு கொப்பளம் மாதிரிக் குந்தியிருக்கிறது. ஒரேயொரு விஷயத்தில் இல்லை என்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லையா? இருக்கிறது என்றுதான் நானும் சொல்வேன். அவள் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று ஊர் சொன்னால் சொல்லட்டும்.

அன்றைக்கே செலஸ்ரீனாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நீங்கள் துவக்கைப் பாத்தனீங்கள். சுடுறதைப் பாக்கேல்லை. ஞாயிறு வாங்கோ, பாத்திட்டு முடிவைச் சொல்லுங்கோ."

செலஸ்ரீனா வந்தாள். வராமல் விடுவாளா? தோற்பவளை நேரில் நின்று பார்க்கிற சந்தர்ப்பத்தை யார் விடுவார்கள்? அமலினிதான் காரில் கூட்டிக்கொண்டு வந்தாள். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. கழகத்தில் சுடுவதற்குப் பொறுப்பான கலோஜெரோ, பெரிய வயிறும் சின்னக் குரலும் உள்ள மனுஷன், எல்லோருக்கும் காதடைப்புக் கொடுத்து ஒரேயொரு கட்டளை போட்டார். மருந்து போடுகிறவரோடு யாரும் கதைக்கக்கூடாது. கதைக்கிறவர் முழுக் கழகத்துக்கும் கன்னோலி இனிப்பு வாங்க வேண்டும்.

செலஸ்ரீனா காதடைப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எமிலியானாவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

இடியனுக்கு முதலில் மருந்து. அளந்து நிரப்பிய சிறு குழாய்கள் மரக்கட்டையில் வரிசையாக நிற்கும்; ஒன்றை எடுத்து வாய்க்குள் கொட்ட வேண்டும். அதன்மேல் கம்பளித்துண்டு, அதன்மேல் ஈயக்குண்டு, இடிகோலால் இறுக்கம். கடைசியாகப் பக்கத்துக் கிண்ணியில் ஒரு சிட்டிகை மருந்து. விசையை இழுத்தால் கல் உரசித் தீப்பொறி கிண்ணியில் விழும், ஒரு சிறு துளை வழியாக உள்ளே பாயும். எமிலியானா கண்ணை மூடிக்கொண்டும் செய்வாள். அவள் முதல் குழாய்க்குக் கையை நீட்டும்போது முதுகுக்குப் பின்னால் செபமாலை தொடங்கிவிட்டது.

"எமிலியானா, எனக்கு விளங்கும். உம்மட தம்பியைப் பிடிச்சவங்கள் எண்டு எல்லாரும் சொல்லுகினம். அந்தக் கோபம்தானே? அவனை நினைச்சுத்தானே சுடுறீர்? சொல்லும், அவன்ரை பேர் என்ன?"

எமிலியானா பல்லைக் கடித்தாள். கை தன்பாட்டில் வேலை செய்தது. கம்பளி, குண்டு, இடிகோல், கிண்ணி. தூக்கினாள், விசையை இழுத்தாள்.

கிண்ணி மட்டும் "புஸ்" என்றது. ஒரு சின்னப் புகை. அவ்வளவுதான். துவக்கு ஊமையாக நின்றது.

"பாத்தீரே!" செலஸ்ரீனா கையைத் தட்டினாள். "மடுமாதா தடுத்திட்டா! இதுக்கு மேலையும் உமக்கு அடையாளம் வேணுமோ? அமலினி, பாத்தனிதானே பிள்ளை?"

எமிலியானா கட்டையைப் பார்த்தாள். முதல் குழாய் மருந்தோடு அப்படியே நின்றது. வெட்கம் காதுவரை ஏறியது. வெறும் குழலுக்குள் குண்டை இடித்து வைத்திருக்கிறாள். கருமருந்துக்காரர் எல்லோரும் செய்கிற பிழைதான். ஆனால் இன்றைக்கா, இவள் முன்னாலா?

அவள் துவக்கின் வாயை மண்மேட்டுப் பக்கம் வைத்துக்கொண்டே தலையை மட்டும் திருப்பினாள்.

"மடுமாதாவுக்கு வேற வேலை இல்லையோ அக்கா? நான் மருந்து போட மறந்திட்டன். நீங்கள் கதைச்சனீங்கள், நான் மறந்தனான். எங்கட பிழையை அவவின்ர தலையிலை கட்டாதேங்கோ."

பிறகு அவசரப்படாமல் கிண்ணித் துளைக்குள் பொடிமருந்தை ஊசியால் சிறிது சிறிதாகத் தள்ளினாள். கிண்ணியை மறுபடி நிரப்பி விசையை இழுத்தாள். இடியன் ஒரு தும்மல் தும்மியது. குண்டு வெளியே வந்து கொஞ்சம் தள்ளிப் புல்லில் விழுந்தது. கலோஜெரோ தானும் போன மாதம் இதையே செய்ததாகச் சொல்லித் தலையாட்டினார். யாரும் சிரிக்கவில்லை, செலஸ்ரீனாவைத் தவிர.

"சரி, பாத்தாச்சு. இப்ப சொல்லும். உதுகளை அனுப்புறீரோ இல்லையோ?"

எமிலியானா மகளைப் பார்த்தாள். இந்தப் பிள்ளைக்காக உயிரைக் கேட்டால் கொடுப்பாள். ஆனால் உயிரை யாரும் கேட்கவில்லை.

"இல்லை அக்கா. கலியாணம் அவையின்ர. துவக்கு என்ர. இரண்டையும் ஒரு தராசிலை போட நான் விடமாட்டன். என்ர பிள்ளை என்னைப் பகைச்சாலும் துவக்கு வீட்டிலைதான் நிக்கும்."

சொல்லிவிட்டுத் திரும்பினாள். கட்டையிலிருந்து குழாயை எடுத்தாள். பின்னால் செலஸ்ரீனா மூச்சை இழுத்து வாயைத் திறக்கிறது கேட்டது. அடுத்து வந்த குரல் செலஸ்ரீனாவுடையது இல்லை.

"மாமி, அம்மா மருந்து போடுறா. கதையாதேங்கோ."

அமலினிதான். வீங்கிய முகத்தோடு, மாமியாராக வரப்போகிறவளின் காதடைப்பைப் பிடித்துக் கழுத்திலிருந்து தூக்கி, காதில் சரியாக வைத்துவிட்டாள். செலஸ்ரீனாவின் வாய் திறந்தபடியே நின்றது. செபமாலைக் கூட்டத்தில்கூட அவளை ஒருவரும் இப்படி நிறுத்தியதில்லை.

எமிலியானா மருந்தைக் கொட்டினாள். கொட்டிய குழாயைத் தலைகீழாக வைத்தாள். கம்பளி, குண்டு, இடிகோல், கிண்ணி. ஒருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை. இடியன் வாய் திறந்து கத்தியது. மலை அதைத் திருப்பிக் கத்தியது. வெள்ளைப் புகை எல்லோரையும் மூடியது. கூழ்முட்டை மணம் மூக்கில் ஏறியது. இலக்குத் தாள் முழுசாகச் சிரித்துக்கொண்டு நின்றது. அதில் ஒரு ஓட்டைகூட இல்லை. எமிலியானா புகைக்குள் நின்று, அந்த முதல்நாள் மாதிரியே, வயிறு நோகச் சிரித்தாள்.

செலஸ்ரீனா அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகத்தில் செத்தவர் ஒருவரையும் அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. காதடைப்பைக் கழற்றிவிட்டு, மகளையும் தாயையும் மாறி மாறிப் பார்த்தாள். கலோஜெரோ அவளுக்குக் கன்னோலிக் கடைக்கு வழி சொல்ல ஆரம்பித்திருந்தார். அவரைக் கையால் அமர்த்தினாள்.

"இதுக்கோ சம்மந்தி இவ்வளவும்?" என்றாள்.

எமிலியானா கரி முகத்தைப் புறங்கையால் துடைத்தாள்.

"ஓம் சம்மந்தி. இதுக்குத்தான்."